பயத்தை எங்கே உட்கார வைப்பது?

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, முத்தாபுதுப்பேட்டை, பட்டாபிராம் என்று நீளும் பகுதியை வெளியூர்க்காரர்கள் வேலையிடமாகத்தான் அறிவார்கள். முத்தாபுதுப்பேட்டை என்றால் விமானப்படைத் தளம், ஆவடி என்றால் டாங்கி ஃபேக்டரி, அம்பத்தூர் என்றால் எஸ்டேட். ஷிப்டு முடிந்து வந்து பழைய டைரியில் கவிதை எழுதுகிறவர்களும், பிள்ளைகள் தூங்கிய பிறகு படம் வரைகிறவர்களும், குறும்படத்துக்கான கதையைப் போனில் தட்டி வைத்துக்கொண்டு யாரிடமும் காட்டாமல் இருப்பவர்களும் எல்லா ஊரிலும் இருப்பதுபோல் இங்கேயும் உண்டு. அவர்களைத் தடுப்பது பெரும்பாலும் நேரமின்மை அல்ல. "இதெல்லாம் நமக்கு எதுக்கு?", "நாலு பேர் பாத்தா சிரிப்பாங்க", "எழுதிட்டேன், ஆனா சரியா வரல" என்ற மூன்று பேச்சுகள்தான். முதலாவது தகுதியைப் பற்றிய சந்தேகம், இரண்டாவது ஊர் வாய்க்கு அஞ்சும் பயம், மூன்றாவது செய்த வேலையின் மீது வரும் அதிருப்தி. மூன்றும் வேறு வேறு. ஆனால் மனதுக்குள் ஒன்றாகக் கலந்து, ஒரே பாரமாக உட்கார்ந்துவிடுகின்றன.

இதற்குப் புத்தகக் கடைகளில் கிடைக்கும் மருந்து தன்னம்பிக்கை. முதலில் உன்னை நம்பு, பயத்தை விரட்டு, பிறகு படைப்பு தானாக வரும் என்பது அந்த நூல்களின் வரிசை. இந்த வரிசை தவறானது என்றே நினைக்கிறேன். நம்பிக்கை வந்த பிறகுதான் வேலை என்றால், வேலை தொடங்கவே தொடங்காது. சாதித்தவர்களுக்குக்கூட இந்தச் சந்தேகம் போவதில்லை என்பதற்கு உளவியலிலேயே சான்று உண்டு. பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1978-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். படிப்பிலும் தொழிலிலும் உயர்ந்த 150-க்கும் மேற்பட்ட பெண்களுடன் பழகி, பேசிக் கண்டதை அதில் எழுதினார்கள். பட்டம், பதவி, பாராட்டு எல்லாம் கையில் இருந்தும், 'நான் மற்றவர்களை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன், ஒருநாள் அகப்பட்டுக்கொள்வேன்' என்ற எண்ணம் அவர்களில் பலரை விடவில்லை. வெற்றி வந்தால் அது அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடுவார்கள். தோல்வி வந்தால் அதுதான் தங்கள் உண்மையான அளவு என்று எடுத்துக்கொள்வார்கள். வெற்றியாலேயே போகாத சந்தேகம் முதல் கவிதைக்கு முன்பு எப்படிப் போகும்? ஆகவே கேள்வியையே மாற்ற வேண்டும். பயத்தை எப்படி ஒழிப்பது என்று கேட்பதைவிட, அதை எங்கே உட்கார வைப்பது என்று கேட்பதே பயன் தரும். இந்தக் கேள்விக்குப் பழைய தமிழ்ப் புலவர்களிடம் ஒரு பதில் இருந்தது. அது மேடைப் பேச்சில் வந்த பதில் அல்ல. நூல் இயற்றும் முறையிலேயே கலந்திருந்த பதில்.

காப்பியம் பாடத் தொடங்கும் புலவர் கடவுள் வாழ்த்துக்குப் பிறகு அவையடக்கம் பாடுவார். கற்றோர் அவையின் முன் தன் குறையைச் சொல்லிக்கொள்ளும் பகுதி அது. கம்பர் ராமாயணத்தின் தொடக்கத்தில், பாற்கடலைப் பார்த்து அதை முழுவதும் நக்கிக் குடித்துவிடலாம் என்று கிளம்பிய பூனையாகத் தன்னைச் சொல்லிக்கொள்கிறார். குழந்தைகள் தரையில் வீடும் அரங்கும் கீறி விளையாடினால் தச்சர்கள் கோபிப்பார்களா என்றும் கேட்கிறார். தமிழின் மிகப் பெரிய கவிஞர் தன் பெருநூலின் வாசலில் நின்று, 'இது என் சக்திக்கு மீறியது, சிரிப்பார்கள்' என்று சொல்கிறார். மேலே சொன்ன முதல் இரண்டு பேச்சுகள்தாம் இவையும். பூந்தமல்லிக்குத் தெற்கே உள்ள குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், 12-ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடப் புகுந்தபோது இன்னும் நேராகப் பேசினார். அடியார்களின் பெருமை அளவில்லாதது, அதைச் சொல்லி முடிக்க முடியாது, ஆனாலும் அளவில்லாத ஆசை பிடித்துத் தள்ளுவதால் சொல்கிறேன் என்பது அவருடைய அவையடக்கத்தின் சாரம். முடியாது என்று தெரிகிறது, ஆசையோ விடவில்லை, அதனால் சொல்கிறேன். தன்னை நம்பியதாக அங்கே ஒரு பேச்சும் இல்லை. அதற்குப் பிறகு 4,000-க்கும் மேற்பட்ட பாடல்கள் வருகின்றன. கம்பரிடம் 10,000-க்கும் மேற்பட்டவை. சந்தேகத்துக்கு ஒதுக்கப்பட்டது தொடக்கத்தில் ஒரு சில பாட்டு மட்டுமே.

இது வெறும் சம்பிரதாயம்தானே, கம்பருக்கு உண்மையில் தன் திறமை தெரியாதா என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். கம்பர் மனதில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் சம்பிரதாயமாக இருப்பதுதான் இதன் பலம். ஒவ்வொரு புலவரும் தன் பயத்தைத் தனியாகக் கண்டுபிடித்து, தனியாக வெட்கப்பட்டு, தனியாகப் போராட வேண்டிய நிலையை இந்த ஏற்பாடு நீக்கிவிடுகிறது. பயம் உனக்கு மட்டும் வந்த நோய் அல்ல, இந்த வேலைக்கு வருகிற எல்லாருக்கும் வருவது, இதோ அதற்கு ஓர் இடம், சொல்லிவிட்டு உள்ளே போ என்கிறது மரபு. சிறியவரும் சொன்னார், பெரியவரும் சொன்னார். சொல்லி முடித்த பயத்தைப் பாட்டுக்குப் பாட்டு இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. பூனை உவமை பாலகாண்டத்தின் வாசலிலேயே நின்றுவிடுகிறது. யுத்த காண்டம் வரை கம்பரோடு நடந்து வரவில்லை.

வாசலைத் தாண்டினால் வேலை. அதற்கு இந்தப் பகுதியிலேயே ஒரு கதை உண்டு. ஆவடியிலிருந்து திருவள்ளூர் போகும் மின்சார ரயிலில் பட்டாபிராமுக்கும் நெமிலிச்சேரிக்கும் அடுத்து வரும் திருநின்றவூர்தான் பூசலார் நாயனாரின் ஊர். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டுப் பொருள் தேடினார், கிடைக்கவில்லை, மனதுக்குள்ளேயே கட்டி முடித்தார் என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. காஞ்சியில் கற்றளி எழுப்பிய பல்லவ மன்னன் குடமுழுக்குக்கு நாள் குறித்தபோது, அதே நாளில் நின்றவூர்ப் பூசலின் கோயிலுக்குப் போகிறோம், நீ வேறு நாள் வைத்துக்கொள் என்று இறைவன் கனவில் சொன்னதாகவும், மன்னன் அந்தக் கோயிலைத் தேடி வந்ததாகவும் கதை போகிறது. இன்று அங்கே இருதயாலீசுவரர் கோயில் இருக்கிறது. இதய நோய் உள்ளவர்கள் வந்து வேண்டிக்கொள்ளும் தலமாகவும் அது பெயர் பெற்றிருக்கிறது. இந்தக் கதையை 'மனதில் இருந்தால் போதும், வெளியே செய்ய வேண்டியதில்லை' என்று படிப்பவர்கள் உண்டு. அப்படிப் படித்தால் எழுதாமல் இருக்கும் கவிஞர்களுக்கு இதைவிட வசதியான கதை கிடையாது. ஆனால் சேக்கிழார் பாடியதைப் பொறுமையாகப் பார்த்தால் வேறு ஒன்று தெரியும்.

பூசலார் கண்ணை மூடியவுடன் கோயில் முழுசாகத் தோன்றிவிடவில்லை. மனதுக்குள் முதலில் சிறிது சிறிதாகப் பொருள் சேர்க்கிறார். பிறகு சாமான்கள் தேடுகிறார், தச்சர்களைத் தேடுகிறார். நல்ல நாள் பார்த்து, ஆகம முறைப்படி அடித்தளம் இடுகிறார். இரவும் தூங்காமல் வேலை நடக்கிறது. அடிவரிசையிலிருந்து சிகரம் வரை ஒவ்வொரு நிலையாக உயர்கிறது. சிகரம் வைத்து, சுதை பூசி, கிணறு எடுத்து, மதில் கட்டி, குளம் தோண்டி, எல்லாம் முடிந்த பிறகுதான் இறைவனை எழுந்தருளச் செய்ய நாள் பார்க்கிறார். கற்பனைக் கோயிலுக்குச் சுதைப் பூச்சு எதற்கு, கிணறு எதற்கு என்று அவர் கேட்கவில்லை. வழியில்லையே என்ற வருத்தம் அவருக்கு வந்தது கட்டத் தொடங்கும் முன்பு. நடுவில் 'இதைக் கட்ட நான் யார்' என்ற பேச்சே கிடையாது. அடுத்து எந்தக் கல் என்பதுதான் உண்டு. கோயில் முடிந்துவிட்டது என்ற செய்தியும் பூசலார் வாயிலிருந்து வரவில்லை. தேடி வந்த அரசன் வாயிலிருந்து வருகிறது. கேட்டு வியந்து போகிறார் பூசலார். முன்னால் கவலை, நடுவில் வேலை, முடிவில் மற்றவர் வாய்ச்சொல் என்ற மூன்று பகுதிகள் இந்தச் சிறு வரலாற்றில் எவ்வளவு தெளிவாகப் பிரிந்து கிடக்கின்றன!

அந்த மூன்றாம் பகுதிக்கு மரபு வைத்த ஏற்பாடு அரங்கேற்றம். நூல் முடிந்ததும் கற்றோர் கூடிய இடத்தில் படிப்பார்கள், ஆட்சேபம் சொல்வார்கள், ஆசிரியர் விடை சொல்ல வேண்டும். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியனின் அவையில், அதங்கோட்டாசான் கேட்டுக் குற்றம் பார்க்க அரங்கேறியதாக அதன் பாயிரம், அதாவது முன்னுரை, சொல்கிறது. கம்பராமாயணம் அரங்கேறியதாக நம்பப்படும் மண்டபம் ஸ்ரீரங்கத்தில் தாயார் சந்நிதிக்கு எதிரே இன்றும் இருக்கிறது. சேக்கிழாரின் நூல் சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபத்தில் ஒரு சித்திரைத் திருவாதிரையில் தொடங்கி மறு சித்திரைத் திருவாதிரை வரை படிக்கப்பட்டதாக மரபு. இதோடு இன்னொரு விதியும் உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், எத்தனை துறை கண்டவனானாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்கிறது. ஒரு நூலுக்குப் பாயிரம் சொல்ல வேண்டியவர்கள் நான்கு பேர்: எழுதியவனின் ஆசிரியர், அவனோடு சேர்ந்து படித்தவர், அவனுடைய மாணவர், உரைகாரர். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் சொன்ன பனம்பாரனார் தொல்காப்பியரோடு ஒரே ஆசிரியரிடம் படித்தவர் என்பது வழிவழிச் செய்தி. இந்த விதியை அடக்கத்தைப் பற்றிய ஒழுக்க போதனையாகவே பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறோம். எனக்கு அது படைப்பாளிக்குக் கொடுத்த விடுதலையாகவும் தெரிகிறது. தான் எழுதியது நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு எழுதியவன் தலையில் இல்லை. புகழ்ச்சியை மட்டுமல்ல, தன்னைத் தானே இகழ்ந்துகொள்ளும் அதிகாரத்தையும் அந்த விதி அவனிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்கிறது.

இனி மூன்றாவது பேச்சு, "சரியா வரல" என்பது. இதுதான் மூன்றிலும் உருப்படியானது. ஒரு பாட்டில் தாளம் இடறுகிறது, ஒரு படத்தில் கை நீளமாகிவிட்டது என்று தெரிவது கலைஞனின் கண் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். இந்தச் சந்தேகம் இருந்தே ஆக வேண்டும். ஆனால் அது ஆள் மேல் விழாமல் வேலையின் மேல் விழ வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் எந்தப் பட்டறையிலும் இதைப் பார்க்கலாம். லேத்தில் முதல் பீஸ் வந்ததும் அளந்து பார்ப்பார்கள், சரியாக இருந்தால் ஓட்டச் சொல்வார்கள், கடைசியில் இன்ஸ்பெக்ஷன் உண்டு. நடுவிலும் மைக்ரோமீட்டரை எடுத்து அளப்பார்கள். அளப்பது எப்போதும் பீஸைத்தான். லேத்தில் நிற்பவர் லேத்தில் நிற்கத் தகுதியானவரா என்று ஒவ்வொரு பீஸுக்கும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் ஒரு பீஸும் வெளியே போகாது. எழுதுகிறவர்கள் தங்களுக்குத் தாங்களே செய்துகொள்வது அதைத்தான். ஒரு வரி கோணலாக வந்தால் வரியைத் திருத்தாமல், 'நான் கவிஞனே இல்லை' என்று தீர்ப்பெழுதி நோட்டை மூடிவிடுகிறார்கள்.

சந்தேகத்தை வேலையின் மேல் திருப்பியவர்களில் தமிழ் கண்ட பெரிய உதாரணம் உ.வே. சாமிநாதையர். 1880-இல் அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழ் ஆசிரியராகச் சேர்ந்தார். வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்தவர். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா, தலபுராணம் என்று படித்துக் குவித்தவர். அந்த ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி, முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் போய்ப் பார்த்தார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் பட்டியல் சொல்ல, முதலியார் அசரவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. ஏட்டைப் பார்த்துப் படி எடுத்த ஒரு பிரதி கைக்கு வந்தது. பிரித்துப் பார்த்தால் புரியவில்லை. அத்தனை வருடப் படிப்பும் ஒரு நூலின் முன்னால் போதாமல் நின்றது. 'நான் வித்துவானா' என்ற கேள்வி எழுவதற்கு இதைவிடப் பொருத்தமான தருணம் வேண்டாம். அவர் எடுத்துக்கொண்டதோ வேறு கேள்விகளை. இந்தச் சொல் எது? இந்த வரி எங்கே முறிகிறது? உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பெயர் சொல்லாமல் காட்டும் மேற்கோள் எந்த நூலில் இருக்கிறது? இந்தச் சமணக் கருத்து என்ன? கடைசிக் கேள்விக்குக் கும்பகோணத்திலேயே இருந்த ஜைனர்களின் வீடு தேடிப் போய், தெரியாது என்று ஒப்புக்கொண்டு பாடம் கேட்டார். ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தார். 1887-இல் சிந்தாமணி அச்சாகி வந்தது.

அவருடைய பதிப்புகளில் ஒரு பக்கத்தைப் பார்த்தாலே அவர் சந்தேகத்தை எங்கே வைத்தார் என்பது தெரிந்துவிடும். மேலே மூலப் பாட்டு. அதன் கீழே உரை. அதற்கும் கீழே, பொடி எழுத்தில், பிரதிபேதம்: இந்த ஏட்டில் இந்தச் சொல் இப்படி இருக்கிறது, வேறு ஏட்டில் வேறு மாதிரி இருக்கிறது என்ற குறிப்பு. புறநானூற்றுப் பதிப்பில் ஏடு சிதைந்த இடங்களில் வெறும் புள்ளிகள். தானே ஒரு சொல் போட்டு நிரப்பிவிட்டால் யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. அவர் நிரப்பவில்லை. தெரியாததைத் தெரியாததாகவே அச்சில் நிறுத்தினார். அவருடைய சந்தேகம் முழுவதும் அந்தப் பொடி எழுத்துக்களிலும் புள்ளிகளிலும் குடியேறியிருக்கிறது. அதனால்தான் மேலே இருக்கும் பாட்டை நாம் நம்பிப் படிக்கிறோம். கண்டனங்களும் வந்தன. சிந்தாமணி வெளியான பிறகு பிழை காட்டித் துண்டுப் பிரசுரங்கள் போட்டார்கள். மனம் நொந்து மறுப்பு எழுதினார். அவர் மதித்த ஒருவர் அதை வாங்கிக் கிழித்துப் போட்டு, இதில் இறங்கினால் காலம்தான் வீணாகும் என்று தடுத்தார். ஐயர் மறுப்பை விட்டுவிட்டு அடுத்த நூலுக்குப் போனார்: 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை. சிந்தாமணியையும் விட்டுவிடவில்லை. திருத்தி 1907-இல் இரண்டாம் பதிப்பு, 1922-இல் மூன்றாம் பதிப்பு. முதல் பதிப்பு குறையே இல்லாமல் வந்தால்தான் வெளியிடுவேன் என்று அவர் இருந்திருந்தால் மூன்றாம் பதிப்புக்கு வழியே இருந்திருக்காது.

இந்த ஏற்பாடுகளோடு இன்றைய நிலையை வைத்துப் பார்த்தால், புதிதாக எழுத வருகிறவர்களுக்குப் பயம் ஏன் கூடியிருக்கிறது என்பது விளங்கும். எழுதும் கருவியும் அவையும் இப்போது ஒரே கைக்குள் இருக்கின்றன. நாலு வரி எழுதியதும் போடலாம். போட்டதும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணலாம். எண்ணிக்கை ஏறாவிட்டால் அடுத்த நாலு வரி வராது. தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை என்று இருந்த தீர்ப்பு நேரம் இப்போது வேலை நேரம் முழுவதையும் தின்றுவிட்டது. இதில் நிலைகுலைவது மன உறுதி இல்லாதவர்கள் மட்டுமல்ல. நிமிஷத்துக்கு நிமிஷம் அரங்கேற்றம் நடந்தால் கம்பருக்குக்கூடக் காண்டம் முடிந்திருக்காது. எழுதி முடிக்கும்வரை யாரிடமும் காட்டாமல் இருப்பதைப் பலர் கூச்சம் என்று நினைக்கிறார்கள். முடியும்வரை என்று ஓர் எல்லை இருந்தால் அது நல்ல ஒழுங்கு. முடிந்த பிறகும் காட்டாமல் இருப்பதுதான் கூச்சம்.

பழைய புலவர்களுக்கு அரசன் இருந்தான், ஆதீனம் இருந்தது, படித்த அவை இருந்தது. முத்தாபுதுப்பேட்டையில் இரண்டு அறை வீட்டில் எழுதுகிறவருக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்பது நியாயம். ஆனால் நன்னூல் சொன்ன நான்கு பேரில் அரசன் கிடையாது. அவர்களில் மிக எளிதாகக் கிடைப்பவர் கூடப் படித்தவர். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்ற சின்ன கிராமத்தில் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் சிறு வயது முதல் நண்பர்கள். அழகிரிசாமி சென்னைக்கு வந்து பத்திரிகைகளில் வேலை பார்த்து முன்பே பெயர் பெற்றார். கி.ரா. ஊரிலேயே விவசாயம் பார்த்தார், உயர்நிலைப் படிப்பும் இல்லை. இருவருக்கும் இடையே கடிதங்கள் போய் வந்தபடி இருந்தன. கி.ரா.வின் கதை 'சரஸ்வதி' இதழில் வந்தது 1958-இல், அவர் முப்பதுகளின் நடுவில் இருந்தபோது. கரிசல் காட்டுப் பேச்சில் கதை எழுதினால் இலக்கியமாக எடுத்துக்கொள்வார்களா என்ற கேள்வி அன்று சின்னதல்ல. பிற்பாடு அதே பேச்சுக்கு அகராதியே தொகுத்தார். 1991-இல் 'கோபல்லபுரத்து மக்கள்' சாகித்திய அகாதெமி விருது பெற்றது. இரண்டு பேர் ஒருவருக்கொருவர் படித்துக்கொண்டார்கள் என்பதைத் தவிர அந்தத் தொடக்கத்தில் பெரிய வசதி எதுவும் கிடையாது.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று உண்டு. பயம் எல்லாமே மனப்பிரமையா? இல்லை. துவரங்குறிச்சியில் பள்ளிப் படிப்பு நிறுத்தப்பட்டு, திருமணத்துக்குப் பிறகு வீட்டுக்குத் தெரியாமல் கழிப்பறையில் ஒளிந்து கவிதை எழுதிய சல்மாவின் பயம் நிஜமான ஆட்களைப் பற்றிய நிஜமான பயம். 2015 ஜனவரியில், 'மாதொருபாகன்' நாவலுக்கு எழுந்த எதிர்ப்பின் நடுவே, பெருமாள்முருகன் என்ற எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று பெருமாள்முருகனே அறிவித்ததும் தன்னம்பிக்கைக் குறைவால் அல்ல. இப்படிப்பட்ட இடங்களில் 'தைரியமாக இரு' என்று தூரத்திலிருந்து சொல்வது கொடுமை. ஆனால் இவர்களும் பயத்துக்கு ஓர் இடம் கொடுத்துவிட்டு வேலையைக் காப்பாற்றினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ராஜாத்தி என்று வீட்டார் அறிந்த பெண் 'சல்மா' என்ற புனைபெயரை வாசலில் நிறுத்தினார். அதன் பின்னால் எழுதினார். 2000-இல் முதல் தொகுப்பு வந்தது. பெருமாள்முருகன் மௌனமாக இருந்த காலத்தில் கவிதைகள் எழுதினார். 2016 ஜூலை 5-ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, அவர் மீண்டும் எழுத வேண்டும் என்று சொன்ன பிறகு, அந்தக் கவிதைகள் 'கோழையின் பாடல்கள்' என்ற பெயரிலேயே வெளிவந்தன. பயத்தை மறைக்காமல் தலைப்பிலேயே வைத்துவிட்டு உள்ளே கவிதை செய்திருக்கிறார். கம்பரின் அவையடக்கத்தோடு இதை ஒப்பிடக் கூடாது என்று சொல்பவர்கள் இருக்கலாம். எனக்கு இரண்டும் ஒரே இனமாகத்தான் படுகின்றன. வெளியிலிருந்து வரும் ஆபத்துக்குச் சட்டமும் துணைக்கு நிற்கும் மனிதர்களும் வேண்டும். அதை எழுத்தாளரின் மனப் பயிற்சியாக மாற்றிச் சொல்லக் கூடாது.

கடைசியாக ஒன்று. சிலருக்கு உண்மையிலேயே திறமை இருக்காதே, அவர்கள் சந்தேகம் சரிதானே என்பார்கள். இருக்கலாம். ஆனால் அதை எழுதுவதற்கு முன்பு முடிவு செய்ய யாரிடமும் கருவி இல்லை. எழுதிய பத்துக் கதைகளை வைத்துப் பேசலாம். எழுதாத கதையை வைத்து எதையும் பேச முடியாது. பத்தையும் படித்தவர்கள் வேண்டாம் என்றால், அதுவும் ஒருவருக்குக் கிடைக்க வேண்டிய நேர்மையான பதில்தான். பதினோராவதை எழுதுவதா, ஓவியத்துக்குப் போவதா, நல்ல வாசகராக இருப்பதா என்று அவரே முடிவு செய்வார். முயற்சி செய்து பார்த்து விலகுவதில் அவமானம் இல்லை. வருடக் கணக்கில் தொடாமலே வைத்துக்கொண்டு, தன்னையே தினமும் குறை சொல்லி வாழ்வதுதான் மனிதரை அரித்துவிடுகிறது.

எழுதியதைப் படித்துக் காட்ட ஓர் அவை வேண்டுமென்றால், அதற்கும் வழி உண்டு. பொது நூலகத்துக்கென சுதந்திர இந்தியாவிலேயே முதலில், 1948-இல், சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. கிளை நூலகங்களில் வாசகர் வட்டங்கள் நடத்தும் வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. புகழ்பெற்றவர்களை அழைத்துப் பொன்னாடை போர்த்தும் கூட்டங்களுக்கு இடையே, மாதம் ஒரு மாலையை உள்ளூர்க்காரர்கள் எழுதி முடித்ததைப் படிப்பதற்கு ஒதுக்கலாம். எழுதியவர் தன் தயக்கத்தை இரண்டு நிமிஷம் சொல்லட்டும், பிறகு படிக்கட்டும், கேட்டவர்கள் அவரை விட்டுவிட்டு, படித்ததைப் பற்றிப் பேசட்டும். இதற்கு மண்டபம் வேண்டாம், நன்கொடை வேண்டாம். அதுவரை வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாராவது எழுதுகிறார்கள், வரைகிறார்கள், மெட்டுப் போடுகிறார்கள் என்று தெரிந்தால், "இதுல என்ன கிடைக்கும்?" என்று கேட்காதீர்கள். "முடிச்சதும் எனக்கு ஒரு தடவை படிச்சுக் காட்டு" என்று சொல்லுங்கள். சொன்னபடி உட்கார்ந்து கேளுங்கள்.